இறங்கும் வழியில் தெரியும் ஊர்

கண்டக்டர் வேலை என்பது, தான் இறங்காத இடங்களில் எல்லாம் மற்றவர்களை இறக்கிவிடும் வேலை. சில்லறை இல்லாமல் என்னிடம் திட்டு வாங்கியவர்களும், சில்லறை கேட்டதற்காக என்னைத் திட்டியவர்களும் இதைப் படிக்கலாம். நாம் எல்லோரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்தான். பள்ளியில் நான் படித்தது தெலுங்கு. தமிழ் எழுத்து நானாகக் கற்றுக்கொண்டது. பிழை தென்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கடைசி ரூட், ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து திருப்பதி பஸ் நிலையம் வழியாக மலைக்கு. காலையில் வண்டி ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். அந்தச் சாயங்காலம் எனக்குத் தேவைப்பட்டது. என் மனைவி வசந்தாவுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பக்கத்து வீட்டுப் பெண் ஆட்டோவில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிடுவாள். முடிந்தபின் துவண்டு கிடப்பவளைத் தோள் கொடுத்து அழைத்து வர நான் ஒருவன்தான். வேலையை விட்டுவிடவும் முடியாது. மருந்துச் செலவை அந்த வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸோ காலியாக ஓடியது. விமானத்தில் வருகிறவர்கள் வாசலிலேயே காரில் ஏறிப் போய்விடுவார்கள். எத்தனை சீட்டு, எத்தனை ஆள் என்று டிப்போவில் ஒரு கணக்கு உண்டு. ஒரு ரூட்டின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. பொங்கலுக்குள் பாதிச் சீட்டாவது நிரம்பாவிட்டால் ரூட்டை எடுத்துவிடுவார்கள், எனக்குப் பெங்களூர் ராத்திரி வண்டி என்று டிப்போ மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். வசந்தாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் தெலுங்கில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "உன் வீட்டு நெலம எனக்குத் தெரியும்ப்பா. பஸ்ஸுக்குத் தெரியாதே. அதுக்கு சீட்டு மட்டும்தான் தெரியும்."

வியூ பாயின்ட்டுக்கு ஒரு டிக்கெட்

மறுநாள் விமானத்தில் இறங்கி, முதுகில் ஒரு பையோடு, டாக்ஸிக்காரர்களை எல்லாம் தாண்டி நேராக என் பஸ்ஸுக்கு வந்தான் ஓர் இளைஞன். சென்னைப் பையன், ஐதராபாத்தில் வேலை. "வியூ பாயின்ட்டுக்கு ஒரு டிக்கெட் குடுங்க அண்ணா" என்றான். அப்படி ஒரு ஸ்டாப் இல்லை என்றேன். போனை நீட்டினான். மலை ரோட்டின் ஒரு வளைவில் சிவப்புப் புள்ளி. அங்கே நின்றால் திருப்பதி ஊர் முழுக்கத் தெரியுமாம்.

தெரியும்தான். ஆனால் மலைக்கு இரண்டு ரோடு. ஒன்று ஏற மட்டும், இன்னொன்று இறங்க மட்டும். ஏறுகிற ரோட்டில் காடும் பாறையும்தான் அதிகம். ஊர் அங்கங்கே எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். அவன் காட்டிய வளைவு இறங்குகிற ரோட்டில் இருந்தது. அதிலும் பஸ் நடுவில் எங்கேயும் நிற்காது. மேலே போய், திரும்ப இதே பஸ்ஸில் கீழே வந்தால், ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். இதை எல்லாம் நான் விளக்கி முடித்ததும் அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னான்: "அப்போ கீழ இருக்கறத பாக்க மேல போகணும், போனா தெரியாது, திரும்பி வந்தாத்தான் தெரியும். எங்க ஆபீஸ்லயும் இப்படித்தாண்ணா புரமோஷன் குடுக்கறாங்க."

கூவி விற்ற ஊர்

அந்தப் பையன் போகவர இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தான். அது என் மண்டையில் ஏறிவிட்டது. மலைக்குப் போக நூறு வண்டி இருக்கிறது. ஊரைக் காட்டுகிறேன் என்று சொல்லும் வண்டி ஒன்றுகூட இல்லை. அடுத்த நாள் முதல், விமானம் இறங்கியதும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு கூவ ஆரம்பித்தேன். "மலை, மலை! வரும்போது ஊரு முழுக்கத் தெரியும்! ஜன்னல் சீட்டு இருக்குது!" இதையே தெலுங்கிலும், எனக்குத் தெரிந்த இந்தியிலும்.

வாய் அதிகம் பேசாதவன் நான். கூப்பிட்டால்கூடத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவன் என்று டிப்போவில் பெயர். நான் கூவுவதைப் பார்க்க டிரைவர் ரெட்டெப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்துவிட்டார். டாக்ஸிக்காரர்கள் கை தட்டினார்கள். அவர்களில் ஒருவன், புத்தூர்க்காரன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "ஏன் நைனா, ஏரோப்ளேன்ல மேலருந்து பாத்துட்டுதானே எறங்கி வராங்க, மறுபடியும் இன்னாத்த காட்டப் போற?"

ஜன்னல் சண்டை

கூவியதில் ஆட்கள் வந்தார்கள். கூடவே சண்டையும் வந்தது. ஊர் எந்தப் பக்கம் தெரியும் என்று எல்லோரும் கேட்பார்கள். வலது பக்கம் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மலையிலிருந்து இறங்கும்போது, வலது ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பேர் கட்டிப் புரளாத குறை. ஒருவர் ரிட்டயர்டு வாத்தியார். இன்னொருவர் பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி. டில்லிக்கு சாம்பிள் கொண்டுபோய்க் காட்டிவிட்டு விமானத்தில் திரும்பியவர், வீட்டுக்குப் போகுமுன் ஒரு கும்பிடு போட்டுவிடலாம் என்று ஏறியிருந்தார். நான்தான் முதலில் துண்டு போட்டேன் என்றார் வியாபாரி. துண்டு ஊரைப் பார்க்குமா என்றார் வாத்தியார்.

ரெட்டெப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் பள்ளமும் ஊரும் வலது பக்கம். வளைவு திரும்பியதும் பள்ளம் இடது பக்கம் போய்விட்டது. அடுத்த வளைவில் மறுபடி வலது. இப்படியே கடைசிவரை. தோற்றுப்போய் இடது பக்கம் உட்கார்ந்திருந்த வாத்தியார் தன் முறை வந்ததும் வியாபாரியைப் பார்த்துச் சிரித்தார். வியாபாரியும் சிரித்துவிட்டார். கீழே இறங்கும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: "எங்க அண்ணன் தம்பி மூணு பேருக்கும் தோப்பு பிரிக்கறப்போ, ஒங்க டிரைவரு வந்து பிரிச்சிருந்தா இன்னிக்கு பேச்சுவார்த்தயில இருந்திருப்போம்."

ஊரு வந்தா இறங்கணும்

இன்னொரு தொல்லை, தூக்கம். மலைக்குப் போகிறவர்கள் கண்ணை அகல விழித்துக்கொண்டு போவார்கள். கியூவில் நின்று, கூடத்தில் உட்கார்ந்து, மொட்டை போட்டு, தரிசனம் முடிந்து, லட்டுப் பையோடு பஸ் ஏறியதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிடுவார்கள். ஊர் தெரியும்போது பார்க்க ஆளில்லை. சந்தனம் பூசிய மொட்டைகள் வளைவுக்கு வளைவு ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிரும். ஊரைக் காட்டுகிறேன் என்று சொல்லி டிக்கெட் கொடுத்தவன் நான். பார்க்காமல் போனால் நாளைக்கு யாரிடம் போய் நல்லவிதமாகச் சொல்லுவார்கள்?

அதனால் ஒருநாள், அந்த வளைவு நெருங்கியதும் விசிலை ஊதி, "ஊரு வந்துச்சு, ஊரு வந்துச்சு!" என்று கத்திவிட்டேன். தூங்கியவர்கள் எல்லோரும் பதறி எழுந்து மூட்டையை இறக்க ஆரம்பித்தார்கள். குழந்தையைத் தூக்கு, செருப்பு எங்கே, லட்டு எங்கே என்று ஒரே அமளி. ரெட்டெப்பா தெலுங்கில் என் பரம்பரையையே விசாரித்தார். எல்லோரையும் உட்கார வைத்து, ஜன்னலுக்கு வெளியே பாருங்கள் என்று கெஞ்சினேன். முன் சீட்டில் மூட்டையை மடியில் கட்டிக்கொண்டிருந்த நகரி ஊர் அம்மாள் ஒருத்தி ஒரு பார்வை வெளியே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஊரு வந்தா எறங்கணும் சாமி. பாக்கறது இன்னாத்துக்கு?"

அன்றிலிருந்து விசிலை விட்டுவிட்டு, ஒவ்வொரு சீட்டாகப் போய் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வேகமாக வந்தவர்கள்

கார்களுக்கு மேல் கேட்டில் நேரம் போட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். குறித்த நேரத்துக்கு முன்னால் கீழ் கேட்டுக்கு வந்தால் வேகமாக ஓட்டியிருக்கிறான் என்று அர்த்தம், அபராதம். ஆகவே, பறந்து வந்தவர்கள் எல்லோரும் நேரம் போக்குவதற்காக அந்த வளைவில் காரை ஓரங்கட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஊரை ரசித்துக்கொண்டிருப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். வேர்க்கடலை தின்பார்கள். நாங்கள் ஒழுங்காக, மெதுவாக வந்து, நிற்காமல் அவர்களைத் தாண்டிப் போவோம்.

ஒருமுறை அந்தக் கூட்டத்தைப் பார்த்து ரெட்டெப்பா பெருமூச்சு விட்டார். அவருக்குத் தமிழ் பேசப் பிடிக்கும். பாதியில் தெலுங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். "சூசாவா அண்ணா? தப்பு பண்ணவனுக்கு வேடிக்க பாக்க டைமு குடுத்து நிக்க வச்சிருக்காங்க. ரூல்படி வந்த நமக்கு நிக்க டைமு லேது."

எல்லா வீடும் முடிந்த மாதிரி

புத்தலப்பட்டுப் பக்கத்து ஆள் ஒருவர். குவைத்தில் டிரைவர் வேலை. பெட்டியைச் சுற்றிக் கயிறும் டேப்பும். அட்டையில் பெரிய எழுத்தில் பெயர். குடும்பம் முந்தின நாளே மலைக்குப் போய்க் காத்திருந்தது. அவர் இல்லாதபோது பிறந்த பெண் குழந்தைக்கு அன்று மொட்டை. மலையடிவாரத்தில், அலிபிரியில் எல்லோரும் இறங்கி சாமான்களைச் சோதனை மிஷினில் விட்டு எடுக்க வேண்டும். அவர் அந்தப் பெரிய பெட்டியைத் தூக்க, நான் ஒரு பக்கம் பிடித்தேன். வீடு கட்டிக்கொண்டிருப்பதாகவும், அஸ்திவாரம் போட்டது முதல் எல்லாமே போனில்தான் பார்த்ததாகவும் சொன்னார். மேல்மாடி இன்னும் கம்பியோடு நிற்கிறதாம்.

அன்று மத்தியானமே அவர்கள் எங்கள் பஸ்ஸில் இறங்கினார்கள். குழந்தை அப்பாவிடம் போகாமல் அழுதுகொண்டே வந்தது. அந்த வளைவில் நான் போய்ச் சொன்னதும், அவர் குழந்தையை வாங்கி ஜன்னலோரம் நிறுத்தி ஊரைக் காட்டினார். ரயில் ஒன்று சின்னப் புழு மாதிரி போய்க்கொண்டிருந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தது. தன்னைப் பிடித்திருப்பது யாரென்பதை மறந்துவிட்டது. அவர் அசையவே இல்லை, அசைந்தால் ஞாபகம் வந்துவிடும் என்பது போல. கீழ் கேட் வந்ததும் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "மேலருந்து பாத்தா எல்லா ஊடும் கட்டி முடிச்ச மாதிரிதான் கீது நைனா."

பாஸ் வேண்டாம்

இந்தக் கதைகளை எல்லாம் சாயங்காலம் வசந்தாவிடம் சொல்வேன். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சீட்டு எத்தனை நிரம்பியது என்று மட்டும் தவறாமல் கேட்பாள். கூட்டம் கொஞ்சம் ஏறியிருந்தது, பாதி ஆகவில்லை. மார்கழி பிறந்துவிட்டது. ஒருநாள், டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, "நானும் வரேன்" என்று கிளம்பிவிட்டாள். டாக்டர் என்ன சொல்வாரோ என்று நான் தயங்கினேன். கேட்டுவிட்டேன், பார்த்துப் போ என்றார் என்றாள். டிப்போ ஊழியர் வீட்டு ஆளுக்கு இலவசப் பாஸ் உண்டு. அதை எடுத்து வைத்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். பாஸில் வருகிற ஆள் டிப்போவின் சீட்டுக் கணக்கில் சேரமாட்டார் என்பது கண்டக்டர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாள்.

பஸ் நிலையத்தில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, முழு டிக்கெட் எடுத்துக்கொண்டாள். இறங்கும்போது வழக்கம்போல எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் விழித்திருந்தாள். எங்கள் தெருவைக் காட்ட முயன்றேன், எனக்கே பிடிபடவில்லை. அவள் அதைத் தேடவில்லை. ஆஸ்பத்திரி எது என்றாள். அது பெரிய கட்டடம், சுலபமாகத் தெரிந்தது. விரலால் காட்டினேன். வளைவு திரும்பும்வரை அதையே பார்த்தாள். "அதுக்குள்ளயா நான் வந்து வந்து கெடக்கறேன்? தீப்பெட்டியாட்டம் கீது. இதுக்குப் போயி பயந்துக்கினு இருந்தேனே."

எந்த விமானத்தில் வந்தீர்கள்

அதற்கடுத்த வாரம் முதல் பஸ்ஸில் புதுவிதமான ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். டயாலிசிஸ் அறையில் எங்கள் பஸ்ஸின் சேதி ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கிறது. நோயாளியோடு வருகிறவர்களுக்கு அங்கே வேலையே கிடையாது. வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை எல்லாம் வசந்தா எங்கள் வண்டிக்கு அனுப்பிவிட்டாள். முறை இல்லாத நாளில், தெம்பிருந்த நோயாளிகளும் வந்தார்கள். மலைக்குப் போக எந்த பஸ்ஸில் வேண்டுமானாலும் ஏறலாம். அவர்கள் எங்கள் பஸ் வரும்வரை நின்றார்கள்.

பொங்கலுக்கு முன்னால், முன்பே சொல்லியிருந்த நாளில் டிப்போ மேனேஜர் தானே வந்து, விமான நிலையத்திலேயே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். விமானத்திலிருந்து வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். டிக்கெட் மிஷினில் தப்புத் தப்பாக அழுத்தினேன். அப்போது ரோட்டோரம் மூன்று ஆட்டோ வந்து நின்றது. முதல் ஆட்டோவிலிருந்து வசந்தா இறங்கினாள். பின்னாலேயே ஒரு படை. கையில் கட்டுப் போட்டவர்கள், மங்கி கேப் போட்டவர்கள், தண்ணீர் பாட்டில் பிடித்த மனைவிமார்கள். எல்லோரும் மூச்சு வாங்க ஏறி, வரிசையாக டிக்கெட் எடுத்தார்கள். மேனேஜர் அவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வசந்தா யாரென்று தெரியாமல், "எந்த ஃப்ளைட்டும்மா?" என்று கேட்டார். "நாங்க ஆட்டோல வந்தோம் சார்" என்றாள் அவள்.

இறங்கும் ரோட்டில் அன்று பஸ்ஸில் ஒருவர்கூடத் தூங்கவில்லை. நான் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. மேனேஜர் பக்கத்தில் இருந்த ஒரு பழைய ஆட்டோ டிரைவர், வாரம் மூன்று நாள் ஊசி ஏறிய கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, தானாகவே அவரிடம் சொன்னார்: "படுத்துக்கினு சீலிங்கதான் பாத்துக்கினு கெடக்கறோம் சார். இங்க வந்துமா கண்ண மூடுவோம்?"

பஸ் நிலையத்தில் இறங்கும்போது மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, எனக்கு இனிப் பெங்களூர் வண்டிதான் என்று நினைத்தேன். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆகாயத்துலருந்துதான் வரணும்னு ரூல் இல்ல. சீட்டுல உக்காந்தாங்க, டிக்கெட் எடுத்தாங்க. ரூட்டு இருக்கும், போ."

வாட்ச்

ரூட் இருந்தது. அந்த வருஷமும், அடுத்த வருஷம் மாங்காய்க் காலம் வரையிலும் டயாலிசிஸ் நாள் ஒவ்வொன்றிலும் சாயங்காலம் போய் வசந்தாவை அழைத்து வந்தேன். அதற்குமேல் அழைத்து வர வேண்டியிருக்கவில்லை.

காரியம் முடிந்து டூட்டிக்குத் திரும்பினேன். மேனேஜர் வேறு ரூட் வேண்டுமா என்று கேட்டார். இதுவே இருக்கட்டும் என்றேன். முதல் நாள் இறங்கும்போது வழக்கம்போல ஒவ்வொரு சீட்டாகப் போய், ஊர் தெரிகிறது பாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளைவு வந்தது. வெயில் தணிந்து, கூரைகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. ரயில் நிலையம், அதற்கப்பால் ரேணிகுண்டா ரோடு, ஏரி, தூரத்து மலைகள். அடுத்த வளைவிலும் பார்த்தேன். ரெட்டெப்பா கண்ணாடியில் என்னைக் கவனித்திருக்கிறார் போலிருக்கிறது. கீழ் கேட் தாண்டியதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இத்தன நாளு அந்த வளைவு வஸ்தே நீ வாட்ச்ச பாப்ப அண்ணா. இன்னிக்கிதான் ஊர பாத்த."

இப்போது ரிட்டயராகி, எந்த அவசரமும் இல்லாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஊரை முழுசாகப் பார்த்துவிட்டு வருகிறேன். என்னைக் கேட்டால், ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிவிட்டதே என்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு அரைகுறையாகப் பார்த்த ஊர்தான் அழகாக இருந்தது.